மகளுக்கு இரத்தப் புற்றுநோய்: அந்த இரண்டரை ஆண்டுகளைக் கடந்த விதம்

மன உறுதி என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது என்று நினைத்திருந்தேன். என் ஐந்து வயது மகளுக்கு ஏ.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானபோது எனக்கோ என் கணவருக்கோ அப்படி எதுவும் இருக்கவில்லை. பிறகுதான் வந்தது. அது வந்த வழியை எழுதினால், இன்று ஏதோ ஒரு வார்டு வாசலில் நிற்கும் பெற்றோருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வலி, அடிபடாமலேயே தொடையில் நீலத் திட்டுகள். தென்காசியில் இரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர் அன்றே சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்ததும் பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். முதல் ஒரு மாதம் தீவிர சிகிச்சை, பிறகு பல மாதங்கள் கீமோ, கடைசியில் நீண்ட காலம் வீட்டிலிருந்தே மாத்திரை. வசதியான நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகளில் அந்த அளவு இல்லாததற்குச் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் ஒரு காரணம் என்றார். "நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்."

என்னை நிமிர்த்தியவர் அடுத்த கட்டிலில் மகனோடு இருந்த திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா. அழாதே என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வேலை கொடுத்தார். "ரிப்போர்ட் தனி, பில் தனி, காப்பீட்டுத் தாள் தனியாக ஃபைல் போடு. வெள்ளணு கவுன்ட் குறைந்திருக்கும்போது 100.4 காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே, நடு இரவானாலும் கிளம்பு." வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும், ஆன்டிபயாட்டிக் உடனே ஏற வேண்டும் என்று பின்னர் நர்ஸும் விளக்கினார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்பதையும், ரயிலில் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுச் சலுகை, உடன் செல்பவருக்கு முக்கால் பங்குச் சலுகை உண்டு என்பதையும் அக்காதான் சொன்னார். அதன்பின் பொதிகை எக்ஸ்பிரஸ் எங்களுக்கு இரண்டாவது வீடாயிற்று.

முதல் மாதம்தான் கொடுமை. ஸ்டீராய்டு மாத்திரையால் மகளின் முகம் உப்பி, கண்கள் இடுங்கிவிட்டன. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுடச்சுட ரசம் சாதம் கேட்பாள். கொண்டுவருவதற்குள் கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுவாள். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "இது அவள் குணம் இல்லை, மருந்தின் குணம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது.

என் கணவர் வேறு மாதிரி தேறினார். அவருக்கு விவரம் தெரிய வேண்டும். வின்கிறிஸ்டின் ஊசி மருந்து எங்கள் கொல்லையில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது என்று ஓர் இளம் டாக்டர் சொன்னார். மகளுக்கு முதுகுத்தண்டில் போட்ட மெத்தோட்ரெக்சேட்டை 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய குழுவை வழிநடத்திய யெல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்றும் சொன்னார். வாரக்கணக்கில் பேசாமல் கிடந்த மனிதர், அன்று மாலை மகளிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறவினர்களில் சிலர் யார் செய்த பாவமோ என்றார்கள். அந்தப் பேச்சு நோயைவிடச் சுட்டது. என் மாமியார்தான் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினார். மற்றவர்களைக் கை கழுவ வைத்தார். சொந்தத் தம்பியே கோபித்துக்கொண்டு போனபோதும் அவர் அசையவில்லை.

மூத்தவனைப் பாட்டி வீட்டில் விட்டிருந்தோம். "எனக்கும் காய்ச்சல் வந்தால் என்னையும் கூட்டிப் போவாயா அம்மா?" என்று அவன் போனில் கேட்டதை என்னால் மறக்க முடியாது. அடுத்த விடுமுறையில் அவனையும் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். தங்கைக்கு என்ன நடக்கிறது என்று அவர் அவனுக்கே நேரில் விளக்கினார்.

வார்டில் குழந்தைகள் இறந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். அந்தத் தாய்மார்களின் உறுதி எங்களுடையதைவிடக் குறைந்ததல்ல. அதனால்தான் "உங்கள் மன உறுதியே மகளைக் காப்பாற்றியது" என்று யாராவது பாராட்டினால் என்னால் ஏற்க முடிவதில்லை. மருந்து காப்பாற்றியது. அது ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொள்ளத்தான் உறுதி தேவைப்பட்டது.

மாத்திரைக் காலத்தில் அதற்கு உதவியது தினசரி காலண்டர். மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தாளிலும் அன்றைய அளவை எழுதிவிடுவேன். மெர்காப்டோபியூரின் ஒரு நாள் அரை, மறுநாள் ஒன்று. மெத்தோட்ரெக்சேட் வியாழக்கிழமை மட்டும். மாத்திரை உள்ளே போன பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும். கிழிக்கும் உரிமை மகளுக்கு.

இப்போது மாத்திரை நின்றுவிட்டது; பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறோம். அவளுக்கு உடம்பு சுட்டால் எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது. போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் போனில் அழுதார். அவர் மகனுக்கும் இதே நோய். அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் கையில் இருக்கிறதா, வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, சின்னவளை யாரிடம் விடப்போகிறாய் என்று கேட்டேன்.