ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது

“எல்லாம் வாட்ஸப்பில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்” என்று நிம்மதியாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. வாங்கிய கடனை ஒப்புக்கொண்ட மெசேஜோ, மிரட்டலோ, வேலையை விட்டு நீக்கிய மின்னஞ்சலோ, எதுவானாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, இதை அனுப்பியது அவர்தானா, நடுவில் யாரும் கை வைக்கவில்லையா என்ற கேள்வி நீதிமன்றத்தில் வந்துவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டின் மேலே தெரியும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் உங்கள் போனில் சேமித்து வைத்த பெயர், அவ்வளவுதான். எந்த எண்ணையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியாதா என்ன? அதனால் எண் முழுதாகத் தெரியும் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். எக்ஸ்போர்ட் செய்த சாட்டும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், திறந்து ஒரு வரியை மாற்றிவிட்டு மூடிவிடலாம். படிக்க வசதி, ஆனால் அசல் அந்தப் போனில்தான் இருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கவலை ஒன்றுதான். இந்தியாவில் மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் சான்றிதழும் கூடவே வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசல் கருவியையே கொண்டுவந்து அதன் சொந்தக்காரர் சாட்சி சொன்னால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-இல் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ் படிவத்தில் ஹாஷ் மதிப்பும் கேட்கிறார்கள். இது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு குறியீடு, ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். அமெரிக்காவிலும் இப்படிச் சரிபார்த்த நகல்களுக்கு 2017-இல் தனி விதி வந்தது.

இன்னொன்று, துண்டு துண்டாக வெட்டிக் காட்டாதீர்கள். கனடாவில் ஆளி விதை வாங்கும் நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயிக்கு அனுப்பியது, அவர் கட்டைவிரல் இமோஜியைப் பதிலாகப் போட்டார், ஆனால் விதை வந்து சேரவில்லை. அந்த இமோஜியையே கையெழுத்தாக ஏற்று 2023-இல் ஏறக்குறைய 82,000 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இருவருக்குள்ளும் அதற்கு முன்பே இப்படி மெசேஜில் ஓரிரு சொற்களில் ஒப்பந்தங்கள் முடிந்திருந்தன என்பதும் முக்கியமாகப் பேசப்பட்டது. பழைய மெசேஜ்கள் இல்லாமல் அந்தக் கட்டைவிரலை மட்டும் காட்டியிருந்தால் வழக்கு எங்கே போயிருக்கும்?

நீங்கள் கோபத்தில் அனுப்பிய பதில்களையும் அழிக்காதீர்கள். அதே மெசேஜ்கள் எதிர்த்தரப்பின் போனிலும் இருக்கும், நீங்கள் மறைத்தது தெரிந்தால் மீதி எதையும் நம்பமாட்டார்கள். தொல்லைக்கு ஆளானவர்கள் அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. அவர்களைக் குறை சொல்லவே முடியாது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அழிக்க மட்டும் வேண்டாம். மெசேஜ் தானாக மறையும் வசதி ஆனில் இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள்.

மின்னஞ்சல் என்றால் ஃபார்வர்டு செய்து வைப்பது உதவாது, எந்த சர்வர் வழியாக எப்போது வந்தது என்ற விவரமெல்லாம் அசல் மெயிலின் ஹெடரில்தான் இருக்கும். படங்களையும் வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும், அசல் ஃபைலையே நகலெடுத்து வையுங்கள். வழக்கு முடியும்வரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.