முடிந்தால் தம்பி

“யார் குடுத்தாலும் ஒண்ணுதானே சிஸ்டர்?” என்று அந்த அக்கா கேட்டார். “ஒண்ணுதாங்க்கா” என்றேன். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை; செல் கொடுக்க வேண்டியது அவருடைய இந்த அக்காவா, தம்பியா என்பது கேள்வி. மூன்று வருடமாகிறது. சொன்னது பொய்யா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்தால் பொய் இல்லை. செல்களின் அடையாளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் அக்கா, தம்பி இரண்டு பேருமே நோயாளியோடு பத்துக்குப் பத்து. உடன்பிறந்தவர் ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். எத்தனையோ வீட்டில் ஒருவர்கூட அமையாமல், பாதி பொருந்தும் அப்பாவிடமோ அம்மாவிடமோ எடுக்கிறோம். இங்கே இரண்டு பேர். “பத்துப் பொருத்தமும் அமைஞ்சிருச்சு, ஜாதகத்துலகூட இப்படி வராது” என்று அவர்கள் அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் டாக்டர் ஃபைலில் “முடிந்தால் தம்பி” என்று எழுதியிருந்தார். பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பில், ஆண் செல்லை அந்நியமாகப் பார்க்கப் பழகிய டி-செல்கள், அதாவது அந்நியத்தைத் தாக்கும் வெள்ளணுக்கள், இருக்கலாம். அவை ஓர் ஆணுக்குள் போனால், வந்த செல் இருக்கிற உடம்பைத் தாக்கும் ஜி.வி.எச்.டி., அதிலும் நாள்பட்ட வகை, வருவதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அக்காவுக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். தம்பிக்கு 24.

அந்தத் தம்பிதான் லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்தினான். “முதுகுல ஊசி போட்டு எடுப்பாங்களாமே?” இல்லைப்பா, ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி, அப்புறம் பிளேட்லெட் கொடுப்பதுபோல நாலைந்து மணி நேரம் மெஷினில் படுக்கணும், அவ்வளவுதான் என்றேன். தலையாட்டினான். பயம் போகவில்லை. “வீட்டுல என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது சிஸ்டர். நீங்களே ஏதாவது சொல்லிடுங்க.”

கொடுக்க மனமில்லாதவரை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டரிடம் சொன்னேன். “கட்டாயப்படுத்த முடியாது. அக்காவும் நல்ல டோனர்தான்” என்றார். வீட்டாரிடம், டாக்டர் அக்காவையே எடுத்துக்கலாம்கிறார் என்றேன். இதுவரை நான் செய்தது சரி. இப்போதும் அதையே செய்வேன்.

உறுத்துவது அந்த “ஒண்ணுதான்”. கிட்டத்தட்ட ஒண்ணுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போ தம்பியே குடுக்கட்டுமே என்பார். அதனால்தான் “கிட்டத்தட்ட”வை விழுங்கினேன். ஆபத்துகளையெல்லாம் டாக்டர் விளக்கினார், அக்கா கையெழுத்தும் போட்டார். அந்தப் படிவத்தில் இல்லாத ஆபத்து உண்டா? ஆனால் அவர் படிவத்தை நம்பிப் போடவில்லை, என்னை நம்பிப் போட்டார்.

மாற்று முடிந்த 22-ஆம் நாள் நோயாளிக்கு உள்ளங்கை சிவந்தது. மருந்து அலர்ஜி என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் பேதி. நாங்கள் அளந்து எழுதுவோம். ஒரு நாளைக்கு 1,200 மில்லியைத் தொட்டது. குடலில் பயாப்சி எடுத்து ஜி.வி.எச்.டி.தான் என்று உறுதியானதும், கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். ஒரு வாரமாகியும் அடங்கவில்லை. அடுத்த மருந்தாக ருக்சோலிட்டினிப் சேர்த்தார்கள்.

அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். “என் செல்லுதானே அவனைத் திங்குது?”

“அதே செல்லுதாங்க்கா அவர் கேன்சரையும் திங்குது” என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில். உண்மையும்தான், ரத்தப் புற்றுநோய்க்கு மாற்றுச் சிகிச்சை செய்வதில் பாதிப் பயன் அதுதான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “தம்பி குடுத்திருந்தா?” என்றார்.

“அப்பவும் வந்திருக்கலாம்க்கா.”

இதுவும் உண்மை. பத்துக்குப் பத்து என்பது பெரிய அடையாளங்கள் மட்டும். அதற்குக் கீழே எண்ணற்ற சின்னச் சின்னப் புரதங்கள் ஆளுக்கு ஆள் மாறும். முழுப் பொருத்தமான உடன்பிறப்பு கொடுத்தும் மூன்றில் ஒருவருக்காவது வருகிறது. இவருக்கு வந்தது எதனால் என்று யாராலும் கைகாட்ட முடியாது. நான் அந்த மறைப்பில் போய் நின்றுகொண்டேனோ?

அதற்கப்புறம் வேறொரு குடும்பத்திடம் “கிட்டத்தட்ட” எல்லாம் சேர்த்து விளக்கமாகச் சொன்னேன். யார் கொடுப்பது என்று பத்து நாள் அவர்களுக்குள் பேச்சு. “என்னதான் சொன்னீங்க அவங்ககிட்ட?” என்று டாக்டர் கேட்டார்.

அந்த அக்காவிடம் செல் வாங்கியவர் பிழைத்தார். கண் வறட்சி, சொட்டு மருந்து ஓடுகிறது. காரம் பட்டால் வாய் எரிகிறது என்பதால் அக்கா வீட்டிலிருந்து தனிக் குழம்பு வருகிறது. செக்கப்புக்குத் தம்பிதான் வண்டி ஓட்டி வருவான், உள்ளே வரமாட்டான். போன மாதம் பார்மசி வாசலில் எதிரே வந்துவிட்டான்.

“சிஸ்டர், நான் குடுத்திருந்தா...”

முடிக்க விடவில்லை. “யார் குடுத்தாலும் ஒண்ணுதாம்ப்பா” என்றேன்.