லைனுக்கு ஒரு டோக்கன்

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்த முதல் கோடையில் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை, தையல் பிரிவில் ஆட்கள் ஏன் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள் என்று கண்டறிந்து அறிக்கை தருவது. விடுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் "உடம்பு சரியில்லை" என்பதுதான் காரணமாக எழுதப்பட்டிருந்தது. சில கடிதங்களில் "சூடு" என்றும், ஒன்றிரண்டில் "அடிவயிறு வலி" என்றும் இருந்தன. கோவையில் சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்தச் சொற்கள் நோயாகத் தெரியவில்லை, சாக்காகத்தான் தெரிந்தன. பணியில் ஊக்கம் குறைந்திருப்பதே காரணம் என்று முடிவுகட்டி, வாரம் ஒரு யோகா வகுப்பு, மாதம் ஒரு சிறந்த தொழிலாளிக்குப் பரிசு, பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை என்று நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்துக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன, எல்லாமே அதிகச் செலவில்லாத யோசனைகள்.

மனிதத் தேவைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் முக்கோணத்தைத் தேர்வுகளுக்காக எத்தனையோ முறை வரைந்தவள் நான். 1943இல் அவர் எழுதிய மூலக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது, அது பின்னால் வந்தவர்கள் வரைந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் விடைத்தாள்களில் அதன் அடித்தட்டில் உணவு, நீர், உறக்கம் என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு, மதிப்பெண் கிடைக்கும் மேல்தட்டுகளுக்கு ஏறிவிடுவோம். அடித்தட்டு நிறைந்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் பாடமே நடக்கும். கழிப்பறை என்ற சொல் என் பாடக்குறிப்புகளில் ஓர் இடத்திலும் இல்லை.

யோகா வகுப்பு மூன்றாவது வாரத்தில் நின்றுபோனது. அதே வாரத்தில்தான் தண்ணீர் பாட்டில்களைக் கவனித்தேன். துணியில் கறை பட்டுவிடும் என்பதால் பாட்டிலை மெஷின் அருகே வைக்கக் கூடாது. லைனின், அதாவது தையல் மெஷின் வரிசையின், கோடியில் இருந்த இரும்பு அலமாரியில், மார்க்கரில் பெயர் எழுதிய பாட்டில்கள் வரிசையாக இருக்கும். திருப்பூரில் நிலத்தடி நீர் "உப்புத் தண்ணி". குடிப்பதற்கு உரியது "நல்ல தண்ணி". பெரும்பாலான பெண்கள் அந்த நல்ல தண்ணியை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு அந்த அலமாரியைக் கடந்தபோது, பாதிக்கு மேற்பட்ட பாட்டில்களில் தண்ணீர் கழுத்துவரை நிற்பதைக் கண்டேன். தகரக் கூரை, அதன் அடியில் வரிசையாக நீராவி இஸ்திரிப் பெட்டிகள், வெளியே சித்திரை வெயில். பணி முடிந்ததும் பேருந்தில் சுமை குறையட்டும் என்று அந்தத் தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே கொட்டிவிட்டுப் போனார்கள்.

தைத்த ஆடைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்யும் மூத்த அக்கா ஒருவரிடம் காரணம் கேட்டேன். என் அறியாமையைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "ஏனுங்க மேடம், தண்ணி குடிச்சா எந்திரிக்கோணும். எந்திரிச்சா டோக்கன் வேணும். டோக்கன் வர்றதுக்குள்ள பண்டில் குமிஞ்சு போயிரும். குடிக்காமயே இருந்துட்டா ஒரு ரோதனையும் இல்லீங்களே" என்றார். பண்டில் என்பது தைப்பதற்காக மேசைக்கு வந்து சேரும் துணிக்கட்டு.

அந்த டோக்கனை அதுவரை நான் பார்க்காமல் இல்லை. பாட்டர்ன் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, சிவப்பு மையில் "லைன் 4" என்று எழுதி, மேலே செலோடேப் ஒட்டி, இடுப்புப் பட்டிக்குத் தைத்தது போக மிஞ்சிய எலாஸ்டிக்கில் கோத்துத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வெள்ளை எலாஸ்டிக் வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. 28 பேர் உள்ள லைனுக்கு ஒரு டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் நிற்கும் இஸ்திரிப் பிரிவைக் கடந்து, கட்டடத்தின் பின்கோடியில் உள்ள கழிப்பறைவரை நடந்து போய்த் திரும்ப வேண்டும். ஒருவர் போயிருக்கும்போது இன்னொருவர் எழ முடியாது. அவசரமென்றால் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் ஓர் ஆணிடம் அதைக் கேட்பதற்கு, அதிலும் மாதவிலக்கு நாளில் கேட்பதற்கு, எத்தனை பேருக்கு வாய் வரும்? துணித்துண்டில் சுருட்டி இடுப்பில் செருகிய நாப்கினோடு மதியச் சாப்பாட்டு மணிவரை அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பிறகு பலரும் என்னிடம் சொன்னார்கள். முதலுதவிப் பெட்டியில் வலி மாத்திரை மட்டும் ஏன் மாதாமாதம் தீர்ந்துபோகிறது என்று மருந்துக் கணக்கு எழுதும்போது வியந்திருக்கிறேன். வியந்ததோடு சரி.

சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர்வரை கொள்ளும். அதில் பாதிகூட நிரம்புமுன்பே உணர்வு தொடங்கிவிடும். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவே நீளம் என்பதால் கிருமி உள்ளே ஏறுவது எளிது. போதிய நீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழிப்பதே அந்தக் கிருமியை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கும் வழி. குடிக்காமலும் கழிக்காமலும் இருந்தால் அந்த வழி அடைபடுகிறது. இதைத்தான் எங்கள் பெண்கள் விடுப்புக் கடிதத்தில் "சூடு" என்று எழுதியிருந்தார்கள். நீர்க்கடுப்பு என்று எழுதக் கூச்சம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, ஊறவைத்த வெந்தயத்தை மோரில் விழுங்கி, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு நாள் சம்பளத்தை விட்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவார்கள். அங்கே மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புவார். மறுநாள் மறுபடி லைன் 4.

அதன் பிறகே கழிப்பறைகளை எண்ணப் போனேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து. அதற்கு முன்பு போகாததன் காரணம் எளியது: அலுவலகப் பகுதியில் எங்கள் நால்வருக்கென்று டைல்ஸ் பதித்த தனிக் கழிப்பறை இருந்தது, அதன் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது விதி. எங்களிடம் 430 பெண்கள் இருந்தார்கள், அதன்படி 18 வேண்டும். வரைபடத்திலும் 18 இருந்தது. நேரில் பார்த்தால், மூன்றில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், இரண்டில் குழாய் வரவில்லை, இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் விளக்கு எரியவில்லை. பத்தை வைத்துக்கொண்டு 430 பேர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பணியில் இருந்தபோது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றது. 500 பேரோ அதற்கு மேலோ என்றால் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. தண்ணீர்க் குளிர்விப்பான் இருந்தது. நானும் இருந்தேன்.

வெளிநாட்டு வாங்குநர் சார்பில் ஆலையைச் சோதிக்க ஆடிட் வரும் நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அன்று காலையில் எல்லாக் கழிப்பறைகளிலும் சோப்பும் துண்டும் முளைத்துவிடும், அட்டைப்பெட்டிகள் மாயமாகும், டோக்கன்கள் சூப்பர்வைசர்களின் சட்டைப் பைக்குள் போய்விடும். தொழிலாளர்கள் அந்த நாளை ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். ஆடிட்டரிடம் முறையிடுவதற்காக அல்ல. அன்று ஒரு நாள் நினைத்தபோது எழுந்து போகலாம் என்பதற்காக.

உற்பத்தி மேலாளரிடம் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். தாமும் பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர். "டோக்கனை எடுத்துட்டா பாதி லைன் பாத்ரூம்லதான் மேடம் இருக்கும்" என்றார். அறம் பேசினால் அந்த அறையில் எடுபடாது என்று தெரிந்ததால் கைக்கடிகாரத்தோடு இரண்டு நாட்கள் லைன் ஓரமாக நின்றேன். ஒருவர் போய்த் திரும்பச் சராசரியாக ஒன்பது நிமிடம் ஆனது. அதில் ஐந்து நிமிடம், வேலை செய்யும் கதவு ஒன்று திறப்பதற்காகக் காத்திருக்கும் நேரம். திருட்டுத்தனமாக ஓய்வெடுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரம், உண்மையில் பழுதான தாழ்ப்பாளின் நேரம். இந்தக் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. எட்டுக் கழிப்பறைகளையும் சரிசெய்து, மூடியுள்ள குப்பைக்கூடைகள் வாங்கி வைக்க ஆன செலவு, கப்பலைத் தவறவிட்ட சரக்கை ஒரு முறை விமானத்தில் அனுப்பும் செலவில் கால்வாசிகூட இல்லை. லைன் 4இல் மட்டும் ஒரு மாதம் டோக்கன் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு மாதத்தில் உற்பத்தி கூடியது என்று எழுத எனக்கும் ஆசைதான். கூடவில்லை. குறையவும் இல்லை. பாதி லைன் கழிப்பறைக்குப் போய்விடவில்லை. தேவைப்பட்டவர்கள் தேவைப்பட்டபோது போய் வந்தார்கள். விடுப்பு சற்றுக் குறைந்தது, ஒரு மாதத்தை வைத்து அதைப் பெரிதாகச் சொல்ல முடியாது. என் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வேறு. மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த லைனில் எப்போதும் கிளம்பும் சச்சரவு, கத்தரி எடுத்தவள் யார், நூல்கண்டை மறைத்தவள் யார் என்கிற சிடுசிடுப்பு, கணிசமாக அடங்கியிருந்தது. அதை அவரவர் குணம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவள் நான். நாக்கு வறண்டு, அடிவயிறு கனத்து, எழலாமா வேண்டாமா என்று ஒரு கண்ணை ஆணியிலேயே வைத்துக்கொண்டு தைப்பவளிடம் என்ன குணத்தை எதிர்பார்ப்பது?

செக்கிங் பிரிவின் கதை இதற்கு நேர்மாறானது. தைப்பவர்களுக்கு எழ முடியாத துன்பம், இவர்களுக்கு உட்கார முடியாத துன்பம். நின்றபடி வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி தர வேண்டும் என்று அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. கடைகளில் வேலை செய்வோருக்கு அந்த உரிமை எழுத்தில் வர, கேரளத்தில் 2018ஆம் ஆண்டும் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டும் ஆக வேண்டியிருந்தது. கேரளத்தில் அதற்காகப் போராடிய பெண்கூட்டு என்ற அமைப்பு, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத்தான் களத்தில் இறங்கியது. அந்தப் பெண்களும் தண்ணீர் குடிக்காமல் பழகியவர்கள் என்று படித்தபோது எங்கள் அலமாரிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் செக்கிங் மேசைகளுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டேன். மூன்று பேருக்கு ஒன்று வந்தது. அந்த மூத்த அக்கா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் வீங்கிய இன்னொருவரின் பக்கமே அதைத் தள்ளி வைத்திருப்பார்.

உறக்கத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவசர ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிஃப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், திருப்பூரின் வழக்கம். காலை நாலரைக்கு எழுந்து சமைத்துவிட்டு வருபவர் இரவு வீடு சேர்ந்து பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். கூடுதல் சம்பளம் வேண்டும் என்பதால் அவர்களும் மறுப்பதில்லை, ஏற்றுமதித் தேதி நெருங்குவதால் நிர்வாகமும் விடுவதில்லை. இது பற்றி நான் எழுதிய குறிப்பு கோப்பில் இருக்கிறது. அந்த வாரங்களில் ஊசி விரலில் ஏறும் விபத்துகள் கூடுவதை மட்டும் தேதியோடு குறித்து இணைத்தேன்.

டோக்கனை மற்ற லைன்களிலும் எடுக்க எட்டு மாதங்கள் ஆயின. லைன் 4இல் எடுத்து மூன்று மாதம் ஆன பிறகு ஒரு நாள் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். விடுதியில் தங்கியிருந்த, தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து சூப்பர்வைசர் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றாள். டோக்கனை எடுக்கக் கூடாது என்று மிக அதிகமாக வாதாடியவர் அவர்தான். "போ கண்ணு. என்னைய எதுக்குக் கேக்கற?" என்றார், சற்றே எரிச்சலாக. தூணில் வெறும் ஆணி மட்டும் இருந்தது. அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் நடந்தாள். திரும்பி வந்தபோது, அவள் மேசையில் சேர்ந்திருந்த பண்டில் ஒன்றைப் பக்கத்து மெஷின் அக்கா இழுத்துத் தன் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்.