தம்பிட பேர்ல ஒரு ‘ன்’ இல்லாம போன ஏழு மாசம்

நேத்து மத்தியானம் ஃபோனுக்கு பேங்க் மெசேஜ் வந்திச்சு, தம்பிட கணக்குல 10,000 விழுந்திருக்குன்னு. கடையில கஸ்டமர் முன்னுக்கு நின்டுக்கிட்டு இருந்தேன், அப்படியே கண்ணு கலங்கிடுச்சு. ஏழு மாசமா அலைஞ்சது அந்த ஒரு மெசேஜுக்குத்தான். வீட்டுல மாற்றுத்திறனாளி ஒராளை வச்சுக்கிட்டு, இலங்கை அரசாங்கம் அவங்களுக்குக் குடுக்கிற மாசக் காசுக்கு எழுதிப் போட யோசிக்கிறவங்க இருப்பீங்க, நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேணாம்னுதான் எழுதுறேன்.

தம்பிக்கு 31 வயசு. பிறந்ததுல இருந்தே செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுப்பாட்டுல இல்லாத நிலை), நடக்க ஏலாது, அவன் கதைக்கிறது எனக்கும் அம்மாவுக்கும்தான் விளங்கும். அரசாங்கம் குடுக்கிற மாசக் காசு முந்தி 5,000 ஆ இருந்து, 2024 ல 7,500 ஆகி, 2025 ஏப்ரல்ல இருந்து 10,000 ஆச்சு. அப்பா இருக்கும் வரைக்கும் எழுதிப் போட விடவே இல்ல, “என்ட பிள்ளைய நான் பாப்பேன்”னு சொல்லிட்டே இருந்தார். அவர் போன பிறகு என்ட சம்பளத்துல பெம்பர்ஸ் வாங்கவே காணல.

முதல் நாள் சும்மா போச்சு. தெரிஞ்சவங்க ஒராள் சொன்னாங்கன்னு லீவு போட்டுட்டு கொள்ளுப்பிட்டியில 177 பிடிச்சு பத்தரமுல்லையில அரசாங்க ஒஃபிஸ் எல்லாம் இருக்கிற செத்சிறிபாயவுக்குப் போனேன். அங்க இருந்தவர் நல்ல மாதிரி உக்கார வச்சுச் சொன்னார், இதெல்லாம் உங்கட பிரதேச செயலகத்துல செய்ற வேலை, இங்க வரத் தேவையே இல்லன்னு. அதனால நேரா உங்கட ஜீஎஸ்ஸை, அதான் கிராம சேவகரை, முதல்ல பிடிங்க, எந்த நாள் ஒஃபிஸில இருப்பார்னு கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போங்க. எங்கட ஜீஎஸ் வேலை ஒரு காலையில முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில டொக்டர் போமை நிரப்பித் தந்தார், சீல் வைக்க மறந்துட்டார், நானும் பாக்கல, அதுக்கு இன்னொரு அரை நாள் சம்பளம் போச்சு. கையெழுத்து, பேர், சீல் மூணும் இருக்கான்னு ரூமை விட்டு வெளிய வர முந்தியே பாருங்க.

இனித்தான் உண்மையான பிரச்சினை. டீஎஸ் ஒஃபிஸில, அதான் பிரதேச செயலகத்துல, ஃபைலைக் குடுத்தா அந்த மிஸ் பேர்த் சேர்ட்டிஃபிகேட்டையும் ஐடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, ரெண்டும் ஒராள் இல்லையேன்னு சொன்னாங்க. பேர்த் சேர்ட்டிஃபிகேட் தமிழ்ல இருக்கு. ஐடி பழைய ஐடி, சிங்களத்துல மட்டும். அதுல தம்பிட பேர்ல கடைசி ‘ன்’ இல்ல. எப்பவோ யாரோ எழுதும்போது விட்ட ஒரு எழுத்து, நாங்க யாரும் அதைக் கவனிச்சதே இல்ல, அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. புது ஐடி எடுத்துட்டு வாங்கன்னு ஃபைலைத் திருப்பித் தள்ளினாங்க. தூக்கித்தான் ஃபோட்டோ எடுக்கப் போகணும், கழுத்து நிக்காது, அவனுக்கு ஐடி எடுக்கிறது எவ்வளவு பாடுன்னு சொன்னேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

பக்கத்து வீட்டு அங்கிள்தான் சொன்னார், ரெண்டு பேப்பர்ல இருக்கிற பேரும் ஒராள்டதுதான்னு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடிச்சுக் குடுத்தா போதும்னு. சமாதான நீதவான் ஒருத்தரைப் பிடிச்சு முடிச்சேன். கொண்டு போனா அன்டைக்கு வேற ஒரு மிஸ், சரின்னு வாங்கிட்டாங்க. ரெண்டு கிழமைக்குப் பிறகு முந்தின மிஸ் கோல் பண்ணி, இது செல்லாது, ஐடிதான் வேணும், ஆளையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க.

கூட்டிட்டுப் போனேன். அந்தப் பிரிவு மேல் மாடியில, லிஃப்ட் வேலை செய்யல. கீழ வந்து பாருங்க மிஸ்னு கேட்டதுக்கு, சீட்டை விட்டு வர ஏலாதுன்னுட்டாங்க. ஆட்டோக்கார அண்ணாவும் கேட்ல நின்ட செக்கியூரிட்டி ஐயாவும் சேர்ந்து வீல் செயாரோட தூக்கினாங்க. பாதிப் படியில தம்பி பயத்துல உடம்பை விறைச்சிட்டான், கால் கைப்பிடியில அடிபட்டு ரத்தம் வந்திச்சு. மேல கொண்டு போனா அவங்க ஒரு தரம் நிமிந்து பாத்துட்டு, சரி, போகலாம்னு சொன்னாங்க. அவ்வளவுதான். பொதுக் கட்டடங்களுக்கு வீல் செயார் போற மாதிரி வழி இருக்கணும்னு 2006 லயே ஒழுங்குவிதி வந்தது. அந்தப் படி இன்னும் எனக்குக் கனவுல வருது.

அன்டைக்குத்தான் எனக்குத் துணிவு வந்திச்சு. “சத்தியக் கடதாசி ஏன் ஏலாதுன்னு எழுத்துல தாங்க மிஸ்”னு கேட்டேன். குரல் நடுங்கிச்சு, ஆனா கேட்டேன். அவங்க எழும்பி உள்ளுக்குப் போய்ப் பெரிய சேர்கிட்ட கேட்டுட்டு வந்தாங்க, பத்து நிமிஷத்துல ஃபைலை ஏத்துக்கிட்டாங்க. நீங்களும் யாராவது ஏலாதுன்னு சொன்னா சண்டை பிடிக்காதீங்க, எழுத்துல கேளுங்க.

அதுக்குப் பிறகு மூணு மாசம் ஒரு பதிலும் இல்ல. போன் பண்ணினா “பாத்துச் சொல்றோம்”. கடைசியில தகவலறியும் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டேன், 2016 ல வந்த சட்டம், நிறையப் பேர் அதை பேப்பர்காரங்களுக்கு மட்டும்னு நினைக்கிறாங்க. தமிழ்லயே எழுதலாம், 1987 ல இருந்து தமிழும் அரச கரும மொழிதானே. ஏன் கேக்கிறீங்கன்னு காரணம் சொல்லவும் தேவையில்ல. தம்பிட ஃபைல் இப்ப எங்க இருக்கு, எந்தத் திகதியில யார்கிட்டப் போச்சு, இந்த ரெண்டு கேள்விதான் கேட்டேன். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டம். எனக்கு ஒன்பதாவது நாளே கோல் வந்திச்சு, அனுமதி கிடைச்சிருக்கு, பேங்க் புக் கொப்பி கொண்டு வாங்கன்னு. நீங்க தகவல் கேட்டு எழுதிக் குடுத்ததுக்கு திகதி போட்ட ரிசீட் வாங்க மறக்காதீங்க.

பேங்க்ல இன்னொரு சுத்து. கணக்கு அவன்ட பேர்லதான் இருக்கணும், அவனுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. முதல் போன கிளையில கைநாட்டு எடுக்கப் பாத்தாங்க, தம்பிட விரல் எப்பவும் உள்ளுக்கு மடங்கித்தான் இருக்கும், அந்தப் பையன் பெருவிரலைப் பிடிச்சு இழுத்தான், தம்பி கத்தினதுல முழு பேங்கும் திரும்பிப் பாத்திச்சு. கோர்ட்ல போய் கார்டியன் ஓடர் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அழுதுக்கிட்டே வந்தேன். அடுத்த கிழமை அதே பேங்க்ல வேற கிளைக்குப் போனோம். அங்க ஒரு அக்கா கவுன்டரை விட்டு எழும்பி வந்து, மைப் பெட்டியத் தம்பிட மடியில வச்சிட்டு, “நீங்களே கையை விரிச்சு விடுங்க, எனக்கு அவசரம் இல்ல”ன்னு சொன்னாங்க. நான் வீட்டுல செய்ற மாதிரி மணிக்கட்டுல இருந்து மெல்ல மெல்லத் தடவிக் குடுத்தேன், அஞ்சு நிமிஷம் இருக்கும், கை தானா விரிஞ்சுது. சாட்சிக்கு ரெண்டு பேர் கையெழுத்து வச்சாங்க, முடிஞ்சுது. ஒரு கிளையில ஏலாதுன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க, மற்றக் கிளைக்குப் போங்க. போக முந்தி விரலை இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்ச துணியால கொஞ்ச நேரம் சுத்தி வச்சிருந்தா இன்னும் லேசா இருக்கும்.

இந்த அலைச்சல்ல பாதி, நான் வீட்டை விட்டு இறங்க முந்தி மூணு பேப்பரையும் ஒண்டா வச்சு எழுத்தெழுத்தாப் பாத்திருந்தா இருந்திருக்காது. பேர்த் சேர்ட்டிஃபிகேட், ஐடி, டொக்டர் போம். சிங்களம் தெரியாட்டி தெரிஞ்ச ஒராள்கிட்டக் குடுத்துச் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் முதல்லயே சத்தியக் கடதாசி முடிச்சு, ஒரிஜினலை உங்கட கையில வச்சிட்டு கொப்பியக் குடுங்க, ஒரிஜினல் கேட்டா காட்டிட்டு வாங்கிடுங்க. அஸ்வெசும, அதான் வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு, எடுக்கிறவங்க, அதுதான் வருதேன்னு இதை விட்டுடாதீங்க, இது வேற, ஆளுக்குன்னு குடுக்கிறது.

நேத்துப் பின்னேரமே ரெண்டு பெக்கட் பெம்பர்ஸும் தம்பிக்குப் பிடிச்ச மாலு பணிஸும் வாங்கிட்டுப் போனேன். உன்ட காசுடான்னு அம்மா சொன்னதும் பேங்க் புக்கைத் தரச் சொல்லிக் கேட்டான், ராத்திரி அதை நெஞ்சுல வச்சிட்டே தூங்கினான். வர்ற கிழமை புது வீல் செயாருக்குப் போம் கேக்கப் போறேன், இப்ப இருக்கிறதுல இடது பக்க பிரேக் பிடிக்குதில்ல. ஃபைல் ரெடியா இருக்கு, ‘ன்’ உம் சத்தியக் கடதாசியில இருக்கு.