மனசு சரியில்லாத நாட்களுக்குப் பத்துப் பைகள்

வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும், வேலை நிலைக்குமா என்று தெரியாதபோதும், டிவியில் புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்போதும் யாராவது ஒருவர் சொல்வார்: "நாலு செடி வை, மனசு லேசாகும்." சொல்வது சரிதான். எந்தச் செடி என்றுதான் சொல்ல மாட்டார்கள். கவலையில் இருப்பவர் நர்சரிக்குப் போய்த் தக்காளி நாற்றும் ரோஜாவும் வாங்கி வருவார். ஒரு மாதத்துக்குள் தக்காளி இலை சுருளும், ரோஜா ஓரம் கருகும், இருக்கிற கவலையோடு அதுவும் சேரும். வட சென்னைக் கடலோரத்தில் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு, நம் தண்ணீரிலும் நம் காற்றிலும் கைவிடாத செடிகளைப் பற்றி எழுதத் தோன்றியது அதனால்தான்.

நமக்குத் தோட்டமென்றால் மொட்டை மாடி, இல்லையென்றால் ஹவுசிங் போர்டு பால்கனி. செடி வளர்க்கிற பை, அதாவது குரோ பேக், பத்து போதும். கவலைக் காலத்தில் பத்துக்கு மேல் வைத்தால் பராமரிப்பே பாரமாகிவிடும்.

முதலில் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். அது காட்டுகிற பிபிஎம் எண் 450க்குக் கீழே இருந்தால் எதையும் வளர்க்கலாம். 450 முதல் 2000 வரை இருந்தால் செடியைத் தேர்ந்துதான் வைக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் கீரை, காய் பக்கமே போக வேண்டாம். அரளி, காகிதப்பூ மாதிரி தாங்குகிறவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, குழந்தை இருக்கும் வீட்டில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது, வெயில் மிச்சத்தை உறிஞ்சுகிறது, உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்குகிறது. சிக்கனமாகத் தினம் ஒரு சொம்பு ஊற்றி, கீழே ஒரு சொட்டும் வடியாமல் பார்த்துக்கொள்கிற வீட்டில்தான் செடி சீக்கிரம் சாகும். பையின் விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்துகொண்டு வருவதும் அதனால்தான். மேல்மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, 15 லிட்டர் மண் உள்ள பைக்கு இரண்டு பக்கெட் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் ஓட விடுங்கள். மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இதற்கு ஏற்றது. மாதம் ஒருமுறை செய்தால் போதும். அதோடு சத்தும் கொஞ்சம் ஓடிவிடும் என்பதால், இரண்டு நாள் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட வேண்டும்.

பல வீடுகளில் ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து வருவது அந்தத் தண்ணீரில்தான். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். நம் ஈரக் காற்றுக்கு ராத்திரி முழுக்க ஓடினால் அரை பக்கெட்டாவது சேரும், அது செடிக்குப் போகட்டும். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. உப்புப் போட்ட கஞ்சி வேண்டாம்.

மண் கலவை பத்துப் பைக்குச் சேர்த்துச் சொல்கிறேன். 12 அங்குலம் அகலம், 12 அங்குலம் உயரம் உள்ள பையை மேலே மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். செம்மண் ஒன்றரை சிமென்ட் சாக்கு, ஐந்து கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, மண்புழு உரம் 30 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ. கோகோபீட்டைக் கட்டியாகவே மண்ணில் கலந்துவிடாதீர்கள். தேங்காய் நாரிலேயே உப்பு உண்டு, நம் ஊர்த் தண்ணீரில் ஊறவைத்தால் இரட்டை உப்பு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, மூன்றாம் தடவை பிழிகிற தண்ணீரை மீட்டரில் பார்த்துவிட்டுக் கலக்குங்கள். கலவையை ஈரமாக்கிப் பத்து நாள் நிழலில் விட்டு விதைத்தால் புண்ணாக்குச் சூடு வேரைத் தாக்காது.

செம்மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். கால்வாய் தூர்வாரிய மண், ரயில்வே ஓரத்து மண், பழைய பட்டறை இருந்த இடத்து மண் சும்மா கிடைத்தாலும் சாப்பிடுகிற செடிக்கு வேண்டாம். கறுப்பாக, வளமாகத்தான் தெரியும். அதில் என்ன ஊறியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

நனைந்த பை ஒன்று 15 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடி நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்று போனால் தளம் ஊறாது, கீழ்வீட்டுக்காரரோடும் வீட்டு ஓனரோடும் மனஸ்தாபம் வராது. கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் மதியக் கடல்காற்று நேராக வந்து அடிக்கும். அங்கே நிழல்வலை கட்டினால் மென்மையான இலைகள் தப்பிக்கும்.

இனி செடி. மூன்று பை அரைக்கீரைக்கு. மூன்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள். ஒரு பையில் அறுப்பு, ஒன்றில் வளர்ச்சி, ஒன்றில் முளை என்று எப்போதும் பார்க்க ஏதாவது இருக்கும். மனசு சரியில்லாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அரை டீஸ்பூன் விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்தி, பூவாளியால் தெளிக்க வேண்டும். சொம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கப் பையைச் சுற்றிக் கொஞ்சம் ரவை தூவினால் அது அந்தப் பக்கம் போகும். மூன்று நான்கு நாளில் முளைக்கும். 25 முதல் 30 நாளில் முதல் அறுப்பு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கிள்ளினால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி தழைக்கும்.

நாலாவது பையில் புதினாவோ பொன்னாங்கண்ணியோ. மார்க்கெட்டில் வாங்கிய கட்டிலேயே முற்றிய தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் வேர் பிடிக்கும். இரண்டு பை கொத்தவரைக்கு. உப்பை நன்றாகத் தாங்குகிற காய் அது. தட்டைப்பயறும் ஓரளவு தாங்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது.

மிச்சம் நாலும் பூவுக்குத்தான். காய்கறி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கொத்தவரை கையில் வர இரண்டு மாதம் ஆகும், பத்து மணிப் பூ இரண்டு மூன்று வாரத்தில் பூக்கும். மூன்று அங்குலத் தண்டை ஒடித்து ஈர மண்ணில் செருகினாலே போதும். நேர் வெயில் கட்டாயம், நிழலில் தண்டு நீளுமே தவிரப் பூ வராது. சங்குப்பூ விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ராத்திரி ஊறவைத்து விதைத்தால் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். கனகாம்பரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது, தண்டுப் பதியன்தான். பத்தாவது பை மல்லிக்கு, அது மட்டும் 18 அங்குலமாக இருக்கட்டும். நவம்பர் கடைசியில் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்து, இலைகளை உருவி, உரம் வைத்தால் மார்ச்சில் மொட்டு வைக்கும். வெட்டத் தயங்குகிற வீட்டில் கொடி நீளும், மொட்டு குறையும்.

கவலைப்படுகிற கை அதிகம் தண்ணீர் ஊற்றும். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். போன் வரவில்லையே என்று மாடிக்குப் போவோம், போனதும் ஒரு சொம்பு ஊற்றுவோம், சாயங்காலம் மறுபடி. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், அடியிலைகள் மஞ்சளானால், மண்ணைத் தொட்டதும் குட்டி ஈக்கள் கிளம்பினால், வேர் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினால் அழுகிவிடும். விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். கைக்கு வேலை வேண்டுமென்றால் வேறு நிறைய இருக்கிறது: காய்ந்த இலை கிள்ளுவது, சங்குப்பூக் கொடியைக் கயிற்றில் சுற்றிவிடுவது, இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது, உட்கார்ந்து கீரை ஆய்வது, கனகாம்பரத்தை நாரில் தொடுப்பது. இதில் எதைப் பத்துத் தடவை செய்தாலும் செடிக்குக் கெடுதல் இல்லை.

இலை மேல் படிகிற கறுப்பு நம் பகுதிக்கே உரிய குழப்பம். எண்ணூர், மணலி பக்கம் அது கரித்தூளாக இருக்கலாம், கரும்பூஞ்சையாகவும் இருக்கலாம். ஈர விரலால் தேயுங்கள். நறநறவென்று பொடியாக வந்தால் தூசி. பிசுபிசுவென்று ஒட்டி, ஏடாக உரிந்தால் பூஞ்சை. அப்போது இலைக்கு அடியிலோ அதற்கு மேலே இருக்கிற கிளையிலோ மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ அசுவினியோ இருக்கும். அவை கழிக்கிற இனிப்புத் திரவத்தில்தான் அந்தப் பூஞ்சை வளர்கிறது. தூசிக்கு வாரம் இருமுறை, காலை ஏழு மணிக்கு முன், நல்ல தண்ணீரால் இலையின் இரு பக்கமும் அலசிவிடுவது போதும். தூசி படிந்த செடியில் செஞ்சிலந்தியும் பெருகும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பூச்சியென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மூன்று சொட்டு காதி சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் இலைக்கு அடியில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை. மாவுப்பூச்சியைச் சுமந்து வருவது எறும்பு. எறும்புப் பாதையை நிறுத்தாமல் எத்தனை முறை தெளித்தாலும் திரும்ப வரும். சமையலுக்குப் போகிற கீரையை எப்படியும் மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

உரத்துக்குக் காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மீன் கழிவு ஒரு கிலோ, பொடித்த வெல்லம் ஒரு கிலோ, பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து மூடி நிழலில் வைத்தால் 30 நாளில் மீன் அமிலம் தயார். கண்ணாடி பாட்டில் வேண்டாம். முதல் வாரம் தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடாவிட்டால் டப்பா வெடிக்கும். திறந்தே வைத்தால் புழு வைக்கும். பழுத்த பழ வாசனை வந்தால் சரியாக வந்திருக்கிறது, பிண நாற்றம் அடித்தால் வெல்லம் குறைவு. உப்பில் கிடந்த மீனும் கருவாட்டுக் கழிவும் ஆகாது. லிட்டருக்கு 5 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கூடினால் இலை கருகும்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாலு நாள் தங்க வேண்டி வந்தால் பைகளை நிழலில் நெருக்கி வைத்து, மண் மேல் காய்ந்த இலை பரப்பிவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியை இரண்டு அடி நீளத்துக்குக் கிழித்து நனைத்து, ஒரு முனையை மண்ணுக்குள் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையை உயரத்தில் வைத்த தண்ணீர் பக்கெட்டுக்குள் விடுங்கள். நைலான் துணியில் தண்ணீர் ஏறாது. பக்கத்து வீட்டு அக்காவிடம், "பக்கெட்டை மட்டும் நிரப்பிடுங்க" என்று கேட்டால் போதும். தினம் தண்ணீர் ஊற்றச் சொன்னால் அவர் தலையிலும் ஒரு கவலையை ஏற்றுகிறோம்.

புயலுக்கு முதல் நாள் செய்ய வேண்டியதில் முதலாவது, மாடித் தண்ணீர் போகிற துளையில் இலை அடைப்பை எடுப்பது. கைப்பிடிச் சுவர் மேல் ஏதாவது பை இருந்தால் இறக்கி, எல்லாவற்றையும் சுவரோரம் ஒட்டி வையுங்கள். பந்தல் கம்பைப் பிடுங்கிப் படுக்கப் போடுங்கள். பறிக்கக் கூடிய கீரை, காய், பூ எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். காற்று நின்றதும் நல்ல தண்ணீரால் இலைகளை அலச வேண்டும், கடல் உப்பு படிந்திருக்கும். பெருமழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும், மண் கொஞ்சம் உலர்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் வந்ததும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் அமோனியா கசிந்ததும் இங்கே யாருக்கும் மறக்காது. அப்படி வெள்ளம் தொட்ட தரைத்தளத்துப் பைகளில் சாப்பிடுகிற எதையும் மறுபடி வைக்காதீர்கள். கழுவினால் போகும் என்று மண்ணை மாடிக்கு ஏற்றவும் வேண்டாம். வலிக்கத்தான் செய்யும், ஆனால் அந்த மண் போகட்டும்.

புது மண் வரும்வரை ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் அடியில் துளை போட்டு, கழுவிய கோகோபீட்டை இரண்டு அங்குலம் நிரப்புங்கள். அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தில் இரண்டு ஸ்பூனை ராத்திரி ஊறவைத்து, காலையில் நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். 2020 ஊரடங்கில் விதைக்கடைக்குப் போக முடியாதபோது எத்தனையோ வீட்டுக்கு அந்தப் பெட்டிதான் விதைக்கடை. முளை தலைதூக்கியதும் துணியை எடுத்துவிட்டு, காலை வெயில் படுகிற ஜன்னலில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு, பதினைந்து நாளில் ஒரு கூட்டுக்குக் கிள்ளலாம்.