செல்ஃப் மோட்டார் நல்லாத்தான் இருந்தது

என் படகின் பின்னால் மாட்டியிருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் 40 ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டாரில் ஒருவழியாக செல்ஃப் எடுத்துவிட்டது. இதுவரை சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், ஃபிளைவீல் அரைச் சுற்றுப் போய் நிற்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் முழுக்க இழுத்தடித்த கோளாறு இது. பேட்டரிக் கடையில் பேட்டரி போச்சு என்றார்கள். மெக்கானிக், "செல்ஃப் எரிஞ்சிருச்சு தம்பி, புதுசு போட்ருவோம்" என்றார். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. செல்ஃபைக் கழற்றித் தரையில் வைத்து பேட்டரியில் நேராகத் தொட்டேன், விர்ரென்று சுற்றியது. கார்பன் பிரஷ் இன்னும் பாதிகூடத் தேயவில்லை.

கயிறு சுற்றி இழுத்தும் ஓட்டலாம்தான். ஆனால் வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்குமுன் படகை வடகடலிலிருந்து (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) மாற்றவேண்டும். பாம்பன் கால்வாய் நீரோட்டத்தில் மோட்டார் நின்றால், பாலத்தூணைப் பார்த்துக்கொண்டே கயிறு சுற்ற எனக்குத் தைரியம் கிடையாது.

இந்த வேலையில் எல்லாரும் கோட்டைவிடுவது மீட்டர் வைக்கும் இடத்தில்தான். சும்மா இருக்கும்போது எங்கே வைத்தாலும் 12.6 வோல்ட் காட்டும். ஒற்றை இழையில் தொங்குகிற கேபிள்கூட, கரண்ட் ஓடாதவரை முழு வோல்ட்டையும் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அளந்தால்தான் குட்டு உடையும். கில் ஸ்விட்ச் கிளிப்பைக் கழற்றிவிட்டு (என் மோட்டாரில் அப்போதும் செல்ஃப் சுற்றும், தீ மட்டும் பற்றாது) அக்கா மகனைச் சாவியில் உட்காரவைத்தேன். "மாமா, அடிக்கவா?" என்பான், நான் சரி என்றதும் அடிப்பான். ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம், செல்ஃப் சூடாகிவிடும்.

பேட்டரியில் 11.4. செல்ஃபில் வெறும் 7.7. மீதி எங்கே? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை செல்ஃப் போல்ட்டிலும் வைத்து அடித்தால் 0.3. அது பரவாயில்லை. அப்புறம் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு: 3.4! முனையை லக்கில் (கேபிள் நுனியில் போட்டிருக்கும் உலோக வளையம்) வைக்காதீர்கள். பேட்டரி போஸ்ட்டின் ஈயத்திலேயே, பிளாக்கின் சுரண்டிய உலோகத்திலேயே வைத்தால்தான் இணைப்பில் போகும் வோல்ட்டும் கணக்கில் வரும்.

பேட்டரி நெகட்டிவை பிளாக்கோடு சேர்க்கும் எர்த் கேபிளின் லக் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, விரலால் தேய்த்தால் இழை பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரு சாண் வெட்டியும் கறுப்புதான். உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று, இந்தக் கேபிளை விடுமா?

இங்கே கடைகளில் கேட்டால் லாரிக்குப் போடும் சாதா செப்புக் கேபிளைத்தான் நீட்டுகிறார்கள். வெள்ளீயம் பூசியதுதான் வேண்டும் என்று தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தேன், விலை கொஞ்சம் கூடத்தான். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கும் பழக்கம் நம் ஊரில் ஒழியவே ஒழியாது போல. கமுதிப் பக்கம் சோலார் வேலைக்குப் போகும் நண்பனிடம் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி இருந்தது, அதில் ஒரே அழுத்து. மேலே, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். பிளாக்கில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, உப்புத்தாள் போட்டு அலுமினியம் மின்னும்வரை தேய்த்தேன். முதலில் முறுக்கிவிட்டு, கிரீஸ் அதற்கு மேல்.

இப்போது எர்த் பக்கம் 0.1, செல்ஃபில் 10.2. பேட்டரி மட்டும் 10.8-க்கு இறங்குகிறது. பயப்பட வேண்டாம், செல்ஃப் இப்போதுதான் தனக்கு வேண்டிய கரண்ட்டை இழுக்கிறது. அதே காரணத்தால் பாசிட்டிவ் பக்கம் 0.5 ஆகிவிட்டது. அதுவும் பழைய கேபிள்தானே! சிவப்பிலும் ஒரு நீளம் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் நேற்று கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். மெயின் ஜெட் ஒன்றில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. மிதவையும் ஒருபக்கம் சாய்ந்தே எழும்புகிறது.