கேபின் ஓட்டை வழியாகக் கேட்ட படம்

ஒரு படம் ஒரு வாரம் ஓடினால், நாளுக்கு நாலு காட்சி வீதம் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அதை 28 தடவை பார்க்கிறான். பார்க்கிறான் என்பதைவிடக் கேட்கிறான் என்பதுதான் சரி, ஏனென்றால் மூன்றாவது நாளிலேயே திரை அலுத்துவிடும், அதன்பின் கண் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியிலும் ரீலிலும் இருக்கும், காது மட்டும் கேபின் ஓட்டை வழியாக ஹாலில் இருக்கும். மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு தியேட்டரில் நான் அப்படி ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியுமோ அதில் பாதி அந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெரிய படம் வரத் தாமதமானபோது, நடுவில் இருந்த வாரத்தை நிரப்ப முதலாளி குறைந்த வாடகைக்கு ஒரு டப்பிங் படத்தை எடுத்தார். காட்டுக்குள் ஒரு பங்களா, விடுமுறைக்கு வந்த பையன்களும் பெண்களும், முகமூடி போட்ட ஒருவன், கையில் கத்தி. ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள், கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒன்பது ரீல். செலவே செய்யாமல் எடுத்த படம் என்பது பெட்டியைப் பிரித்து முதல் ரீலை ஓட்டும்போதே தெரிந்தது: ஒரே வீடு, ஒரே இரவு, ஏழெட்டு நடிகர்கள். ஒரு வாரப் பத்திரிகை இரண்டே வரியில் குப்பை என்று எழுதித் தள்ளியிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் டிக்கெட் கவுண்டர் பக்கம் வந்து, இதையெல்லாம் போடலாமா என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதிரிப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. நம் படமென்றால் டைரக்டரே ஒரு இடத்தில் நிறுத்தி 'இடைவேளை' என்று போட்டுவிடுவார். வெளிநாட்டுப் படத்தில் எங்கே நிறுத்துவது என்பது ஆபரேட்டர் கையில். முதல் நாள் நான் யோசிக்காமல் ஐந்தாவது ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டேன், அது ஒருத்தி காபி போட்டுக்கொண்டிருக்கும் இடம். ஜனங்கள் சாவகாசமாக வெளியே போய், சாயா குடித்து, ரசவடை தின்று, பாதி பயத்தை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு காட்சியை முன்னே தள்ளி நிறுத்தினேன். அவள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்புகிறாள், பின்னால் அலமாரியின் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது, அந்த இடம். விளக்கு எரிந்ததும் ஹாலில் யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு கிளம்பியது, அது வாசல்வரை போயிற்று, சாயாக்கடையில் நின்றும் தொடர்ந்தது. அந்த வாரம் கூட்டம் ஏறியதற்கு அந்த அலமாரியும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மேட்னி காட்சிக்கு எங்களிடம் அதிகம் வந்தவர்கள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியும் முன்னால் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரம் மரமாகப் போய் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்தால் மத்தியானம் அவர்களுடையது. அதில் ஒரு அண்ணன் படம் முடிந்ததும் வழக்கமாகக் கேபின் படியில் வந்து உட்காருவார். இந்தப் படத்தை அவர் மூன்று தடவை பார்த்தார். எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் இரண்டாவது தடவை எதற்கும் வராதவர் அவர்.

"கத்தி பிடிச்சிருக்கது சரியில்ல, அப்பிடிப் பிடிச்சா ரெண்டாமத்த வெட்டுல கை வழுகிப்போவும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தச் சருகுச் சத்தம் இருக்குல்லா, அது நேரு. நாம நின்னா அதுவும் நிக்கும். நாம நடந்தா ஒரு அடி பிந்தி நடக்கும்" என்றார். தை மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தோட்டம் முழுக்கக் கிடக்கும்போது, விடிகாலை இருட்டில் தன் காலடிச் சத்தமே பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்கும் என்று அவர் சொன்னபோது அவருடைய கை படியின் விளிம்பைப் பிடித்திருந்தது. ரப்பர் பால் காய்ந்து கறுத்த நகங்கள். வாழ்நாள் முழுக்கக் கத்தியோடு தனியாக இருட்டில் நடந்த ஒருவர் அந்தப் படத்தின் எந்த இடம் பொய், எந்த இடம் உண்மை என்று இரண்டு வாக்கியத்தில் பிரித்து வைத்துவிட்டார். அந்த மாதிரி ஒரு விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

நான்காம் நாள் ஒரு தப்பு நடந்தது, என் தப்பு. ரீல் மாற்றும்போதே கார்பன் குச்சியின் நீளத்தைப் பார்த்து மாற்றிவிட வேண்டும், அன்று நான் கீழே யாருடனோ பேசிவிட்டு ஏறி வந்ததில் கவனிக்கவில்லை. அந்தப் பெண் மாடிப்படியில் இறங்கும் நேரம் பார்த்துக் குச்சி எரிந்து தீர்ந்து, திரை இருண்டுவிட்டது. ஆனால் ஒலிக்கு விளக்கு தனி, பிலிம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் சத்தம் நிற்கவில்லை. இருட்டில் மூச்சும், படி கிறீச்சிடுவதும், அந்த ஒற்றை வாத்தியமும் மட்டும். வழக்கமாகப் படம் நின்றால் விசிலும் கெட்ட வார்த்தையும்தான் வரும். அன்று ஹால் முழுக்க ஒரே குரலாக அலறியது. வாரம் பூராவும் எந்தக் கொலைக்கும் வராத அலறல் அது. கை நடுங்கக் குச்சியை மாற்றிப் படத்தைக் கொண்டுவந்தபோது திரையில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை, அவள் வெறுமனே கீழே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

இதைப் பல வருஷம் மனசில் வைத்திருந்தேன். பின்னால் 1978-ல் வந்த 'ஹாலோவீன்' என்ற அமெரிக்கப் பயப் படத்தைப் பற்றிப் படித்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. அதன் டைரக்டர் ஜான் கார்பெண்டர் இசை சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. அதன்பிறகு கார்பெண்டரே உட்கார்ந்து, ஐந்து தாள அடியில் போய்க்கொண்டே இருக்கும் அந்த எளிய பியானோ இசையைப் போட்டார். அதே படம்தான், ஆனால் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். ஏறக்குறைய 3 லட்சம் டாலரில் எடுத்த படம் அது. கொலையாளியின் முகமூடி கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடி, அதற்கு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், எடுத்தது கலிபோர்னியாவில் வசந்த காலத்தில், அதனால் சாயம் பூசிய சருகுகளைத் தெருவில் கொட்டி, எடுத்து முடிந்ததும் மறுபடி பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்வார்களாம். எங்கள் பால்வெட்டு அண்ணன் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தப் படத்துக்கும் முதலில் நல்ல பெயர் இல்லை. பாலின் கேல் மாதிரிப் பெரிய விமர்சகர் அதை ஏற்கவில்லை. ஆனால் ரோஜர் ஈபர்ட் என்ற இன்னொரு விமர்சகர் முழு 4 நட்சத்திரம் கொடுத்தார். ஜனங்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே அது உலகம் முழுக்க 7 கோடி டாலர் அளவுக்குச் சம்பாதித்தது, 2006-ல் அமெரிக்கா பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களின் பட்டியலிலும் ஏறியது. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவற்றின் கதை வேறு. 1980-ல் 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' வந்தபோது ஜீன் சிஸ்கல் என்ற விமர்சகருக்கு வந்த கோபத்தில், யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்று கொலையாளி யார் என்பதையே தன் விமர்சனத்தில் எழுதிவிட்டார். அப்படியும் ஜனங்கள் போனார்கள். அதே வருஷம் அவரும் ஈபர்ட்டும் சேர்ந்து தொலைக்காட்சியில் இந்த வகைப் படங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியே செய்தார்கள். கேமரா கொலையாளியின் கண்ணாக மாறிப் பெண்களைத் துரத்துகிறது, பார்க்கிறவனையும் அவன் பக்கம் சேர்த்துவிடுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 'ஹாலோவீன்' அப்படி இல்லை என்றும் சொன்னார்கள்.

அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் புதிதாக இல்லை. அந்த வார இரவுக் காட்சிகளில் நான் கேட்டதும் அதுதான். குடித்துவிட்டு வந்த பையன்கள் முன் வரிசையில் இருந்துகொண்டு, அவன் கத்தியை ஓங்கும்போது விசிலடித்தார்கள், பெண்ணின் சட்டை கிழியும்போது கைதட்டினார்கள். எனக்கு அந்த ஒரு ரீலில் வால்யூமைக் குறைக்காமல் இருக்க முடியவில்லை, குறைத்தேன். கவுண்டரில் வருத்தப்பட்ட ஆசிரியரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலைப் பெண்கள் வந்தார்கள். வாரம் முழுக்க முந்திரி உடைத்து, தொலி உரித்து, கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் வெந்த பெண்கள், முப்பது நாற்பது பேர், இரண்டு வரிசையை நிறைத்து உட்கார்ந்தார்கள். அதே ரீல், அதே கத்தி. விசில் இல்லை. "குட்டீ, பின்னால பாரு!" என்று ஒருத்தி கத்தினாள், அப்புறம் எல்லோரும். அவள் கார்ச் சாவியைத் தேடித் தடுமாறும்போது திட்டினார்கள், அழுதார்கள். கடைசியில் அந்தப் பெண் கோடரியை எடுத்துத் திருப்பி வெட்டியபோது நாற்காலிகள் ஒரே நேரத்தில் மடங்கும் சத்தம் கேட்டது, இரண்டு வரிசையும் எழுந்து நின்றுவிட்டன. ஒரே பிரதி, ஒரே கேமரா, ஆனால் அந்தக் கேமரா யாருடைய கண் என்பதை அன்று அந்த இரண்டு வரிசைதான் முடிவு செய்தது.

படத்தின் கடைசியில் விழுந்து கிடந்த கொலையாளியின் உடம்பைக் காணவில்லை என்று காட்டுவார்கள், இந்த வகைப் படங்களில் அது வழக்கம். மற்ற காட்சிகளில் அதற்கு ஒரு சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. விளக்கு எரிந்தபின் அவர்களில் வயதான ஒரு அம்மா, நான் ரீல் பெட்டியோடு படியிறங்கும்போது நிறுத்திக் கேட்டார்.

"மக்களே, குத்தினவன் திரும்பத் திரும்ப வாறான். செத்துப்போன பிள்ளியளுல ஒருத்திகூட ஏன் திரும்பி வரல்ல?"

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டில் பாடுவது இசக்கியின் கதை. நகைக்காக ஒருவன் கொன்றுபோட்ட பெண் மறுபடி வருகிறாள், கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தேடி. முப்பந்தலில் அவளுக்குக் கோயில் இருக்கிறது, நெடுஞ்சாலையில் போகிற லாரிகள்கூட நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகின்றன. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, செத்தவர்கள் கணக்குத் தீர்க்காமல் கிடக்கிற ஒரு கதை எப்படி முடிந்த கதையாகும்?

"அடுத்த பாகத்துல வருவாங்கம்மா" என்று சொன்னேன். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அடுத்த பாகமும் பெட்டியில் வந்தது, நான்தான் ஓட்டினேன். அதிலும் அவன் மட்டும்தான் வந்தான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் அந்த இரண்டு வரிசையும் காலியாக இருந்தது.